ஆமைக் காருக்கு நான் வாங்கிய ஆயில்

மாமனாருடைய காரில் ரேடியேட்டர் கிடையாது. எஞ்சின் பின்பக்கம், பின்சீட்டுக்கு முதுகு கொடுத்தபடி இருக்கும். அதன் சூட்டை இறக்குவது காற்றும் ஆயிலும்தான். பாறசாலையில் எல்லோரும் அதை ஆமைக் கார் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போய் வருவதைத் தவிர அது ஷெட்டை விட்டு இறங்குவது அபூர்வம். மாமனார் ஓய்வு பெற்ற அரசுப் பொறியாளர், சபைக் கமிட்டியிலும் இருக்கிறார். அவர் சத்தம் போட்டு யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. எல்லோரையும் சிரிக்க வைப்பார். யாரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பதை அவர்தான் முடிவு செய்வார்.

எனக்குக் காஞ்சிரங்குளம் பக்கம் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. ஆசிரியர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அங்கேயே ஒரு அறை உண்டு. மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. இரண்டு பஸ் மாறி, காலை நெரிசலில், அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு போவது நடக்காத காரியம். ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்தேன். நெய்யாற்றின்கரையில் இறங்குவதற்குள் அவள் என் தோளில் வாந்தி எடுத்துவிட்டாள். எனக்குக் கார் ஓட்டத் தெரியும், உரிமமும் உண்டு. வீட்டில் ஒரு கார் சும்மா நிற்கிறது. கணவர் மஸ்கட்டில். கேட்க வேண்டியது மாமனாரிடம்தான். மூன்று நாள் யோசித்துத்தான் கேட்டேன்.

"எடுத்துக்கோ. வாரத்துல ஆறு நாளும் சும்மாத்தானே கெடக்கு," என்றார் உடனே. நான் நன்றி சொல்ல வாயெடுத்தபோது கையைக் காட்டி நிறுத்தினார். "ஆனா வண்டிய ஓட்டணும்னா மொதல்ல வண்டிய அறியணும். இப்ப ஆயில் மாத்தணும். என்ன ஆயில்னு நீயே பாத்து வாங்கு, நீயே மாத்து. ஸ்கூல் தொறக்குறது வரைக்கும் எஞ்சின் ஒரு கேடும் இல்லாம ஓடினா சாவி ஒனக்கு. கெமிஸ்ட்ரி படிச்சவளாக்கும், இது கூட அறியாதா?"

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. படித்துத் தேர்வு எழுதுவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வழி.

மகள் மதியம் தூங்கும் நேரத்தில் படித்தேன். பழைய கார் வைத்திருப்பவர்கள் இணையத்தில் பக்கம் பக்கமாகச் சண்டை போட்டிருந்தார்கள். புதிய பெட்ரோல் கார்களுக்கு வரும் மெல்லிய ஆயில் இதற்கு ஆகாது. நம்மூர் வெயிலில், தண்ணீர் இல்லாத எஞ்சினில், அது சூடேறி நீர்த்துப்போகும். கெட்டியான இருபது-ஐம்பது தரம் வேண்டும். அதில் துத்தநாகச் சேர்மம் போதுமான அளவு இருக்க வேண்டும். இரும்போடு இரும்பு உரசும் இடத்தில் அதுதான் படலமாக நின்று தேய்மானத்தைத் தடுக்கும். புகையைச் சுத்திகரிக்கும் கருவி கெட்டுவிடும் என்று புதிய ஆயில்களில் அதைக் குறைத்துவிட்டார்கள். எல்லாவற்றையும் மகளின் தடுப்பூசி விவரம் எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் நான்கு பக்கம் எழுதினேன். கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வியும் எழுதினேன். அழுக்கைக் கரைக்கும் சேர்மானம் இல்லாத சாதா ஆயிலில் நெடுங்காலம் ஓடிய எஞ்சினுக்குப் புது ஆயில் ஊற்றினால் உள்ளே படிந்த கசடு இளகி வழியை அடைக்கும் என்று ஒருவர் சொல்லியிருந்தார். அதற்குக் கீழே, 'மாமாவிடம் கேட்க வேண்டும்' என்று எழுதிக் கோடு போட்டேன்.

கேட்டேன். "மாமா, இதுவரைக்கும் என்ன ஆயில் ஊத்தினீங்க?"

"நல்ல ஆயில்," என்றார், செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இரண்டாம் தடவை கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்தேன். இன்றைக்கும் அந்த இடத்துக்குத்தான் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறேன்.

பனச்சமூட்டில் ஒரு ஆயில் கடையில் போய்க் கேட்டபோது கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆமக்காருக்கா சேச்சி? அதுக்குத் தேங்காயெண்ண போரும்." அவர் காட்டிய டப்பாக்களின் முதுகில் இருந்த பொடி எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். நான் தேடியது ஐந்தாவது டப்பாவில் இருந்தது.

அன்று சாயங்காலம் சபைக் கமிட்டிக்காரர்கள் மூன்று பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நான் சாயா கொண்டு வைத்துவிட்டுத் திரும்பும்போது மாமனார் என் நோட்டைக் கையில் வைத்திருந்தார். "எங்க டீச்சரு ஆராய்ச்சி பண்ணிருக்கா, கேளுங்க," என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பைபிள் வாசிக்கும் குரலில் முதல் வரியிலிருந்து வாசித்தார். துத்தநாகம் வந்த இடத்தில் நிறுத்தி மூவரையும் பார்த்தார்.

"துத்தநாகமா? அது வயித்தால போனா பிள்ளையளுக்குக் குடுக்கிற மருந்தல்லியா?" என்றார் ஒருவர்.

"பிள்ளைக்குக் குடுத்தது போக மிச்சம் வண்டிக்கு," என்றார் மாமனார்.

"அப்போ வண்டிக்கும் வயித்தால போவுது."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. நானும் சிரித்தேன். நான்காம் பக்கத்தையும் அவர் முழுக்க வாசித்தார். கசடு, சாதா ஆயில், 'மாமாவிடம் கேட்க வேண்டும்'. அதை வாசித்தபோது மட்டும் வேடிக்கை எதுவும் சொல்லவில்லை. நோட்டை மூடி என்னிடம் தந்தார்.

மறுநாள் ஆயில் மாற்றினேன். மாமனார் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துத் திருகாணியைக் கழற்றியதும் பழைய ஆயில் தார் மாதிரி வடிந்தது. அடியில் ஒரு வட்டத் தகடு இருந்தது. அதற்குள்ளேதான் ஆயிலை வடிகட்டும் கம்பி வலை இருக்கிறது என்று படித்திருந்தேன். "இதையும் கழற்றிக் கழுவட்டுமா மாமா?" என்றேன்.

"அத தொறக்காண்டாம். தொறந்தா புது கேஸ்கெட் போடணும், அது இஞ்ச இல்ல."

ஆயில் கசியாமல் தகட்டோடு வைக்கும் கேஸ்கெட் வீட்டில் இல்லை என்பது உண்மைதான். பிறகு ஷெட் முழுக்கத் தேடிப் பார்த்தேன், இல்லை.

இரண்டு வாரம் தினமும் ஓட்டிப் பழகினேன். எஞ்சின் சத்தம்கூட மெதுவானது போலிருந்தது. பள்ளி திறக்க ஐந்து நாள் இருக்கும்போது மகளுக்குத் தடுப்பூசி போடக் காரக்கோணம் புறப்பட்டோம். மாமி பின்சீட்டில் உட்கார்ந்தார். மகளைத் தூக்கி மாமியின் மடியில் வைத்தது மாமனார்தான். கதவைச் சாத்திவிட்டு, "மக்கா, பாட்டாக்கு டாட்டா காட்டு," என்றார். அவள் காட்டினாள்.

பாதி வழியில் ஒரு ஏற்றத்தில் ஆயிலுக்கான சின்ன விளக்கு ஒரு தடவை மினுங்கி அணைந்தது. எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். பிள்ளை இருமினால் பயம், இருமாவிட்டாலும் பயம். அந்தப் பயத்தில் அங்கேயே ஓரம் கட்டி எஞ்சினை அணைத்துவிட்டு, அவர்களை இறக்கி, ஒரு ரப்பர் தோட்டத்து நிழலில் நிற்க வைத்தேன். வீட்டுக்கு ஃபோனில் சொன்னேன். இந்தக் காரை வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக்கையும் கூப்பிட்டேன்.

மெக்கானிக் முதலில் பைக்கில் வந்தார். அடியில் புகுந்து அந்த வட்டத் தகட்டைக் கழற்றி வலையை வெளியே எடுத்தார். அதில் ஓட்டையே தெரியவில்லை. கறுப்புக் களி அப்பியிருந்தது. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும்போதே மாமனார் ஆட்டோவில் வந்து இறங்கினார். அதற்குள் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள்.

"என்ன டீச்சரே, துத்தநாகம் தீந்து போச்சா?" என்று அவர்களைப் பார்த்தபடி கேட்டார்.

மெக்கானிக் சிரிக்கவில்லை. "சாரே, வலைய கழுவாம புது ஆயில் ஊத்தப்பிடாதுன்னு நான் பறஞ்சதல்லியா? இருவது வருஷமா அந்தச் சாதா ஆயில்தானே ஊத்துனோம். உள்ள உள்ள கசடு பூரா எளகி வந்திருக்கு. போன மாசம் போன்ல கூடச் சொன்னேனே."

"சொன்ன. நான் இல்லைன்னு சொன்னேனா?" என்றார் மாமனார். "இவ படிச்சவளாக்கும். கேட்டிருந்தா சொல்லிருப்பேன்."

"கேட்டேன் மாமா."

அவர் குனிந்து வலையைப் பார்த்தார். மெக்கானிக்தான் பேசினார். "சேச்சி ஒடனே நிறுத்துனதுனால தப்பிச்சு. இன்னும் கொஞ்சம் ஓட்டிருந்தா எஞ்சின் பிடிச்சு நின்னிருக்கும். ஆயில் நல்ல ஆயிலாக்கும். வலைய கழுவி, இதையே ரெண்டு தடவ மாத்தினா செரியாகும்."

கூட்டத்தில் யாரோ, "அப்போ மருமவ பாஸ்," என்றார்கள். மாமனாரும் சிரித்தார். சட்டைப் பையிலிருந்து மாற்றுச் சாவியை எடுத்து எல்லோரும் பார்க்க நீட்டினார். "வாக்குன்னா வாக்கு. எஞ்சின் போகல்ல. பிடி."

நான் வாங்கவில்லை. எனக்கு வேண்டியதெல்லாம் அந்தச் சாவிதான். கை அதை நோக்கிப் போகவும் செய்தது. அப்போது மாமியின் தோளில் கிடந்து மகள் பாட்டாவுக்கு மறுபடி டாட்டா காட்டினாள்.

"பிள்ளைய நீங்கதானே மாமா ஏத்தி விட்டது?" என்றேன்.

"பிள்ளைக்கு என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல்லியே."

அவர் வந்த ஆட்டோவிலேயே நாங்கள் காரக்கோணம் போனோம். ஊசி போட்டு மகள் அழுதுகொண்டிருந்தபோது, "அவரு மறந்திருப்பாரு," என்றார் மாமி. என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா, தெரியவில்லை. மறந்திருக்கலாம். நாங்கள் அவ்வளவு தூரம் ஏற்றத்தில் போவோம் என்று நினைக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் என் நான்காம் பக்கத்தை அவர் தன் வாயால் வாசித்தார்.

பள்ளிக்குப் போகவில்லை. முதல்வர் இரண்டு நாள் பொறுத்துவிட்டு வேறு ஆளை எடுத்துக்கொண்டார். கணவர் ஃபோனில், "தந்த சாவிய வேண்டாம்னுட்டு இப்ப வேல போச்சுன்னு அழுதா நான் என்ன செய்ய?" என்று கேட்டார். அந்த வண்டியில் இன்னும் எதையெல்லாம் அறிந்தும் சொல்லாமல் வைத்திருக்கிறார் என்று ஒவ்வொரு காலையும் யோசித்துக்கொண்டு என்னால் மகளை ஏற்ற முடியாது. இதைக் கணவரிடம் சொன்னேன். அதிகம் யோசிக்கிறேன் என்றார்.

அதற்குப் பிறகு மாமனாரை நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. சாயா நேரத்துக்குப் போகும், மாத்திரை தண்ணீரோடு போகும். மகளை மட்டும் அவர் மடிக்கு விடுவதில்லை. அவர் கையை நீட்டும்போது அவளுக்குக் குளிக்க வேண்டியிருக்கும், சாப்பிட வேண்டியிருக்கும், தூக்கம் வந்திருக்கும். ஒரு நாள் அவர் முந்திரிப் பருப்பை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நான் அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவளைக் கூட்டிக்கொண்டு வரவில்லை. அப்போது எனக்குச் சுகமாகக்கூட இருந்தது. அதை எழுதும்போதுதான் கூசுகிறது.

அவளுக்கு இப்போது இரண்டு வயது தாண்டிவிட்டது. எல்லாம் புரிகிறது. மாமனார், "மக்கா, பாட்டாக்கிட்ட வாறியா?" என்று கூப்பிட்டால் அவள் ஓடுவதில்லை. நின்று, திரும்பி, முதலில் என் முகத்தைப் பார்க்கிறாள். அவரும் என் முகத்தைப் பார்க்கிறார். நான் தலையை அசைப்பதில்லை.