பனியன் முதுகில் இனிகோ

கட்டற்ற மென்பொருள்காரர்களிடம் ஒரு பொருளை விற்கச் சொன்னால் உடம்பு கூசும். எனக்கும்தான். அதனால் எங்கள் 'சங்கு' மென்பொருள் குழுவின் பனியன், ஸ்டிக்கர், தேநீர்க் குவளை எல்லாவற்றையும் ஜெபசெல்வி டீச்சர் தலையில் கட்டினோம். நாசரேத்துக்காரர், பள்ளியில் கணினிப் பாடம் எடுக்கிறவர். வாய் என்றால் அப்படி ஒரு வாய்.

"மென்பொருளச் சும்மா குடுக்கிய, பனியனுக்கு மட்டும் துட்டாக்கும்?" என்று தூத்துக்குடிக் கல்லூரி விழா ஒன்றில் ஒருவர் மடக்கினார்.

"சும்மா ஓடுத சர்வருக்கு கரண்டு பில்லு நீங்க கட்டுதியளா அண்ணாச்சி?" என்றார் டீச்சர். அண்ணாச்சி இரண்டு பனியன் வாங்கிக்கொண்டு போனார்.

பனியனின் முன்பக்கம் சங்குப் படம். முதுகில், அந்த ஆண்டு குழுவுக்கு உழைத்தவர்களின் பெயர்கள். யார் எதைத் திருத்தினாலும் சர்வரில் பதிவாகும். அந்தப் பதிவிலிருந்து பட்டியல் தானாக உருவாகி அச்சகத்துக்குப் போய்விடும். மனிதக் கை பட்டால்தான் தப்பு வரும் என்று எங்களுக்கு ஒரு கொழுப்பு. யாரும் படித்துப் பார்த்ததில்லை. "பேரு இருக்கா? அப்ப ஆளு இந்த வருசம் வேலை செஞ்சிருக்காருன்னு அர்த்தம்" என்று சொல்லிச் சொல்லியே டீச்சர் விற்பார்.

இனிகோ விசைப்படகு டிரைவர். கரையில் இருக்கும்போது எங்கள் மென்பொருளுக்குத் தமிழாக்கம் செய்வார், சின்னச் சின்ன நிரல்களும் எழுதுவார். 2021-ல் நடுக்கடலில் படகிலிருந்து விழுந்தார். உடல் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டுப் பனியனில் அவர் பெயர் இருந்தது. அதற்கடுத்த ஆண்டும் இருந்தது.

அவர் மனைவி அமலி ஆண்டு தவறாமல் வந்து பனியன் வாங்குவார். ஆத்துமப் பூசை வைக்கச் சொல்லி வீட்டார் கெஞ்சிப் பார்த்தார்கள். "பேரு வந்துக்கிட்டுல்லா இருக்கு. உசுரோட இருக்கவியளுக்கு யாராவது பூசை வைப்பாவளா?" என்றுவிட்டார். சோறு தண்ணி இறங்கவில்லை. விடிந்தால் கடற்கரை. ஆள் பாதியாகிவிட்டார்.

டீச்சர் பதறிப்போய் என்னிடம் வந்தார். பதிவைத் திறந்து பார்த்தோம். ஒவ்வொரு திங்கட்கிழமையும், காலை ஐந்து மணிக்கு, இனிகோ. படகுகள் கடலுக்குக் கிளம்பும் நேரம். எனக்குக் கை மயிர் நட்டுக்கொண்டு நின்றது. பிறகுதான் விஷயம் புரிந்தது. சர்வரில் அவர் எழுதிவைத்திருந்த சின்ன நிரல் ஒன்று வாராவாரம் தானாக இயங்கி, தமிழாக்கக் கோப்புகளின் தேதிகளைப் புதுப்பித்து, அவர் பெயரில் பதிந்துகொண்டிருந்தது. காரணம் தெரிந்த பிறகு பயம் போயிருக்க வேண்டும். போகவில்லை.

டீச்சர் அமலியிடம் பொறுமையாக விளக்கினார்.

"அந்த நிரல எழுதுனது யாரு டீச்சர்?"

"இனிகோதான்."

"அப்ப அவிய செய்யுத வேலைதான அது?"

டீச்சர் எழுந்து செருப்பை மாட்டினார். திரும்பி வரும் வழியில், "அத நிறுத்திருங்க. பேரு வரலன்னாதான் இவ மனசு தேறும்" என்றார். 2024 டிசம்பர் முப்பது, திங்கட்கிழமை. காலை ஐந்து மணிப் பதிவு முடிந்திருந்தது. நான் நிறுத்தினேன்.

2025-ஆம் ஆண்டுப் பனியன் வந்தது. அமலி அதை மேசையில் விரித்து, மேலிருந்து கீழாக மூன்று முறை விரல் ஓட்டினார்.

"பேரு இல்லியே டீச்சர்."

"இல்லம்மா."

"கடைசியா என்னைக்கு வேலை செஞ்சாவ?"

டீச்சர் யோசிக்காமல் சொல்லிவிட்டார். "போன டிசம்பர் முப்பது. விடியக்காலம் அஞ்சு மணி."

"அட ஆண்டவரே! அப்ப மூணு வருசம் உசுரோடதான் இருந்திருக்காவ. தேடாம விட்டுட்டோமே!" என்று அமலி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். டீச்சர் எவ்வளவு சொல்லியும் அது அவர் காதில் ஏறவில்லை.

பூசை நடந்தது. கல்லறைத் தோட்டத்தில் இனிகோவுக்கு ஒரு சிலுவையும் நட்டார்கள். நாங்கள் இருவரும் போயிருந்தோம். இறந்த நாள் என்று அமலி பொறிக்கச் சொன்ன தேதி 30.12.2024. டீச்சர் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நிரலை நிறுத்திய கையை நான் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.