முன்வரிசையில் போட்ட தாளம்

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் இசை மாணவர்கள், 1959ஆம் ஆண்டின் ஜாஸ் இசையை மட்டும் வாசித்த மாலை அது. நானும் கணவரும் முன்வரிசையில் இருந்தோம். ஐந்து எண்ணிக்கையில் ஒரு பாட்டு தொடங்கியதும், கச்சேரிப் பழக்கத்தில் என் கை தொடையில் தாளம் போட்டது. டிரம்ஸ் வாசித்த மாணவி அதைப் பார்த்துச் சிரித்தாள்.

“சும்மா இரும். எல்லாரும் பாக்கினம்” என்றார் கணவர். கையை மடக்கிக்கொண்டேன்.

நடுவில் அந்த மாணவி எண்ணிக்கையைத் தவறவிட்டாள். அவள் கண்கள் என் கையைத் தேடின. எனக்குத் தாளம் தப்பவில்லை. மறுபடி பலமாகப் போட்டேன். அதைப் பார்த்தே பிடித்துக்கொண்டாள்.

முடிந்ததும் இறங்கி வந்து, “ஏன் கையை நிறுத்தினீர்கள்?” என்று ஜெர்மன் மொழியில் கேட்டாள். கணவர் கூரையைப் பார்த்தார்.

திரும்பும் வழியில், மேலே உள்ள தண்டவாளத்தில் தொங்கியபடி ஓடும் அந்த ஊர் ரயிலில், அவருடைய விரல்கள் முழங்காலில் அதே ஐந்தைத் தட்டின. எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.