ஏறாத எண்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதுதான் அவருக்குத் தொழில். தெருவில் எல்லோரும் வாத்தியார் என்றே கூப்பிடுவார்கள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். பக்கத்துக் கட்டிலில் ஒரு தையற்காரம்மா. குழாய் வழியே ரத்தம் போய்வருகிற நேரமெல்லாம் இருவருக்கும் ஓயாத கேலிதான்.

"தம்பி, உங்க கார்ல கத்துக்கறவங்களுக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணுன்னு பிரேக் ரெண்டு. வாய்க்கு மட்டும் ஒண்ணுகூட இல்லையே!" என்று சொல்லிச் சிரித்துச் சிரித்து இருமுவாள்.

ஒருநாள் அந்த அம்மாவுக்கு நெஞ்சை அடைத்தது. வேறொரு மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கசியுமே ட்ரோபோனின், அது கூடுதலாக இருந்தது. "கிட்னி கெட்டவங்களுக்கு எப்பவும் இப்படித்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். வாத்தியார்தான் தன் காரில் வீட்டில் கொண்டுபோய் விட்டார். வழியெல்லாம் அவள் நெஞ்சிலிருந்து கையை எடுக்கவில்லை.

"மெதுவா போங்க தம்பி."

அடுத்த டயாலிசிஸுக்கு அவள் வரவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

அதிலிருந்து காரில் தனியாக இருந்தால் அந்தக் குரல் பின்சீட்டிலிருந்து கேட்டது. திரும்பிப் பார்க்க வாத்தியாருக்குத் துணிச்சல் வரவில்லை.

சில மாதம் போனது. ஒரு காலை அவருக்கே மூச்சு வாங்கியது. நெஞ்சில் பாறாங்கல் வைத்தாற்போல் கனம். மனைவி பதறியடித்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள்.

பெண் டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ட்ரோபோனின் கூடுதலாத்தான் இருக்கு. கிட்னி சரியில்லாதவங்களுக்கு எப்பவுமே கொஞ்சம்..."

வாத்தியார் கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். "என்னை வீட்டுக்கு அனுப்பாதீங்கம்மா."

"யாரு அனுப்புறா? ஒரு தடவ பாத்துட்டு முடிவு பண்ண முடியாதுங்க. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி எடுக்கணும். ஏறிச்சுன்னா இதயத்துல இப்ப ஏதோ நடக்குதுன்னு அர்த்தம். அப்படியே நின்னா வேற காரணம் தேடலாம்."

காத்திருந்த நேரத்தில் திரைக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். தையற்காரம்மாவின் அதே இருமல். திரையை விலக்கிப் பார்க்கும்படி மனைவியிடம் சொன்னார். அங்கே வெறும் கட்டில்.

இரண்டாவது முடிவு வந்தது. எண் ஏறவில்லை. ஈசிஜியிலும் புதிதாக எதுவுமில்லை. உடம்பில் நீர் கோத்து நுரையீரலை அழுத்தியிருந்தது. டயாலிசிஸ் செய்து நீரை எடுத்ததும் மூச்சு சீரானது.

"என் பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு ரெண்டாந்தடவ எடுத்திருந்தா?" என்று டாக்டரிடம் கேட்டார்.

"அவங்களப் பாக்காம நான் என்னங்க சொல்றது?" என்றார் டாக்டர். குரல் தணிந்திருந்தது.

வீடு திரும்பும்போது மனைவி அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள். "பொழச்சு வந்திருக்கீங்க, எதுக்கு அழறீங்க?"

அவர் இப்போதும் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். தையற்காரம்மாவின் தெரு நெருங்கினால் மட்டும் வண்டியை வேறு பக்கம் திருப்பச் சொல்லிவிடுவார். வளைவில் திருப்பப் பழக்குகிறார் என்று கற்றுக்கொள்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.