எந்த போட்டு ஏழுமலை?

ஹாம்பர்க்கில் நான் குடியிருக்கும் கட்டடத்தில் வீட்டுக் கதவுகளுக்கு எண் கிடையாது. வாசலில் வரிசையாக அழைப்பு மணிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குடும்பப் பெயர், அவ்வளவுதான். நம் ஆட்களுக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் இருந்த அப்பாவின் பெயரை எடுத்து ஒட்டிவிட்டார்கள். காசிமேட்டில் விசைப்படகு ஏறும் என் அப்பா ஏழுமலை, இப்படியாக ஜெர்மனியில் இரண்டாவது மாடியில் குடியேறினார். அலுவலகத்திலும் நான் "ஹெர் ஏழுமலை"தான், அதாவது திருவாளர் ஏழுமலை. முதல் மாதம் யார் கூப்பிட்டும் நான் திரும்பிப் பார்க்கவில்லை. காது மந்தம் என்று நினைத்திருப்பார்கள், பாவம். போனில் சொன்னதும் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "நான் எப்படா அங்க வந்தேன் நைனா? சொல்லவேயில்ல!"

இது நடந்தது 2004இல். துறைமுகத்தில் எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது என்று காட்டும் ஜாவா மென்பொருள் எங்களுடையது. துறைமுகம் ஓயாது; ஆகவே மென்பொருளை நிறுத்தாமல், ஓட ஓடவே புதிய நிரல்களைக் கட்டிய ஜார் கோப்புகளை உள்ளே சேர்க்க வேண்டும். அதற்கு வழிசெய்வது என் வேலை. என் ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடியும் வாரம் அது; வெள்ளிக்கிழமை கடைசி நாள். வேலை நிலைத்தால் செல்விக்கு விசா. இல்லாவிட்டால் நான் மூட்டை கட்ட வேண்டியதுதான். கல்யாணமாகி இருபதாம் நாள் விமானம் ஏறியவன் நான், அவளை விட்டுவிட்டு. செவ்வாய்க்கிழமை சோதனை சர்வரில் புது ஜாரைச் சேர்த்தேன். திரையில் ஒரு பிழை. தமிழில் சொன்னால், 'கப்பல்' என்னும் கிளாஸை, அதாவது அந்தப் பெயர்கொண்ட நிரல் துண்டை, 'கப்பல்' ஆக ஏற்க முடியாது! அடப்பாவி, இரண்டும் ஒன்றுதானே? ஜாரை அழித்துவிட்டு மறுபடி போட்டேன், அந்த சர்வரை நிறுத்திக் கிளப்பினேன். ம்ஹூம். மேலாளர் கிளவுஸ் எட்டிப் பார்த்து, "வெள்ளிக்கிழமை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மதியம் காசிமேட்டிலிருந்து செல்வி கூப்பிட்டாள், கொதித்துக்கொண்டு.

"இன்னாய்யா அநியாயம் இது! மாமாவுக்கு வந்த ஐஸ இன்னொரு ஏழுமலை போட்டுல ஏத்திட்டு பூட்டான் அந்த ஐஸ்காரன். கேட்டா, ஏழுமலைன்னுதான சொன்னாங்கன்றான். பேரு மட்டும் கேட்டா ஆச்சா? எந்த போட்டுன்னு கேக்க வாணாம்?"

உண்மைதான். எங்கள் பக்கம் பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வியே எந்தப் படகு என்பதுதான். "செல்வி, போனை வெய்யி!" என்று கத்தினேன். அதற்கு அப்புறம் இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. ஜாவாவும் காசிமேடு மாதிரியே: பெயர் ஒன்றாக இருந்தால் போதாது, அதை நினைவகத்துக்கு எந்த கிளாஸ் லோடர் ஏற்றிவந்தது என்றும் பார்க்கும். இரண்டு கப்பலையும் நிறுத்தி, ஏற்றிவந்தது யார் என்று அச்சிடச் சொன்னேன். ஒன்றை மைய லோடர் ஏற்றியிருந்தது, மற்றதை நான் எழுதிய லோடர். என்னுடையது முதலில் தன் கோப்புறையைத் தேடும். அங்கே இல்லாவிட்டால்தான் மையத்தைக் கேட்கும். அந்தக் கோப்புறையில் கப்பலின் இன்னொரு பிரதியை வைத்தது யார்? சாட்சாத் நானேதான்! ஊரிலிருந்து கிளம்பியபோது செல்வி ஒரே கருவாட்டை இரண்டு பையிலும் வைத்தாளே, அந்தப் பழக்கம். பிரதியைத் தூக்கியதும் ஜார் சமர்த்தாக ஏறிக்கொண்டது.

கிளவுஸ் கேட்டார்: "இங்கேயும் ஒன்று எதற்கு வைத்தீர்கள்?"

"எதற்கும் இருக்கட்டும் என்று."

"எதற்கு?"

"எதற்கும்."

அவர் குறிப்பேட்டைத் திறந்து, காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். கடைசியில் 'காரணம் தெரியவில்லை' என்று எழுதிக்கொண்டார். ஆனால் வெள்ளிக்கிழமை என் கையைக் குலுக்கி, வேலை நிரந்தரம் என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

செல்வி வந்திறங்கிய அன்று மணிப்பலகையைப் பார்த்தாள். "எந்த போட்டுன்னு போடலியே?" என்று சொல்லி, கண்மைப் பென்சிலால் அப்பாவின் பெயருக்குக் கீழே 'கடலரசி' என்று படகின் பெயரைத் தமிழில் எழுதிவிட்டாள். நான்கே நாளில் கட்டட நிர்வாகியிடமிருந்து கடிதம், ஹெர் ஏழுமலைக்கு. பலகையில் கிறுக்கியதற்குத் திட்டுதான் உள்ளே இருக்கும் என்று எனக்குத் தெரியும். பிரிக்கப் போனேன். செல்வி பிடுங்கிக்கொண்டாள்.

"மாமா பேருல வந்துகீது. நீ எப்டி பிரிப்ப?"

கடிதம் பிரிக்காமலே, அப்பாவிடம் கொடுக்க ஊருக்குக் கொண்டுபோகும் பைக்குள் போய்விட்டது.