வகுப்புக்கு முன் தடவிய எண்ணெய்

என் மகள் நிலாவுக்குப் பதினான்கு வயது. ஃபோனைப் பிடித்தால் எழுந்திருக்கவே மாட்டாள். உடம்பு கொஞ்சம் வளையட்டும் என்று, கூரையிலிருந்து தொங்கும் நீளத் துணியைப் பற்றி ஏறிச் செய்யும் ஏரியல் சில்க்ஸ் வகுப்பில் சேர்த்தேன். சரோஜினி நகரில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

தில்லிக் குளிரில் அவள் கைகால்கள் வெடித்துக் கிடந்தன. ஒரு ஞாயிறு காலை, "கை என்னடி உப்புத்தாள் மாதிரி இருக்கு?" என்று, உறைந்திருந்த தேங்காய் எண்ணெயை உருக்கி நன்றாகத் தேய்த்துவிட்டேன்.

"ஜல்தி விடும்மா, லேட் ஆகுது" என்று உதறிக்கொண்டு ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன்.

இரண்டு ஆள் உயரம் ஏறியிருப்பாள். கை வழுக்கியது. "அம்மா!" என்ற அலறலோடு தலைகீழாகச் சரிந்தாள். துணி ஒரு கணுக்காலை மட்டும் சுற்றியிருந்தது. அதுவும் அங்குலம் அங்குலமாக நழுவியது. பயிற்சியாளர் பாய்ந்து வந்து அவள் தோள்களைத் தாங்கவும், கால் கழன்று வரவும் சரியாக இருந்தது.

இறக்கிவிட்டவர் தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தார். "தேல் கிஸ்னே லகாயா?" என்றார். எண்ணெய் தடவியது யார்? நிலா என் பக்கம் திரும்பினாள். நான்தான் கையைத் தூக்கினேன்.

நிலா இன்றும் வகுப்புக்குப் போகிறாள். கிளம்பும்போது அவள் உள்ளங்கையை வாங்கி என் கன்னத்தில் தேய்த்துப் பார்க்கிறேன். உப்புத்தாள் மாதிரி கீறினால்தான் கதவைத் திறக்கிறேன்.