அபி அப்பாவின் முப்பத்திரண்டு பக்கங்கள்

போன சனிக்கிழமை என் வீட்டு ஹாலில் ஒரு சம்பவம். எழுதலாமா, வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, சம்பந்தப்பட்ட இருவரிடமும் கேட்டேன். "பேரை மாத்தி எழுதுங்கக்கா" என்றார்கள். இருவரும் தனித்தனியாக, அதே வார்த்தைகளில். மாற்றிவிட்டேன்.

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் என் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருப்பவள் ஜெயந்தி. வீட்டிலேயே சாக்லேட் செய்து, முன்னறையில் கடை போட்டு விற்கிறாள். அவளுடைய முன்னாள் கணவர் சரவணனுக்குக் கீழ்மலையில் ஆடலூரில் காபி, மிளகுத் தோட்டம். ஒரு ஜீப்பும் வாடகைக்கு ஓடுகிறது. நான்கு வருடங்களுக்கு முன் பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து ஆனது. ஒரே மகள் அபி. ஒன்பதாம் வகுப்பு. அம்மாவோடு இருக்கிறாள், மாதம் ஒரு ஞாயிறு அப்பாவோடு.

இவர்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து உண்டு. அபியின் படிப்புச் செலவை இருவரும் அவரவர் வருமானத்துக்கு ஏற்ற பங்கில் ஏற்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு ஆகஸ்டிலும் வருமான வரிக் கணக்கின் நகலைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். நல்ல ஏற்பாடுதானே? சண்டை கிடையாது, வக்கீலைத் தேடி ஓட வேண்டியதில்லை. பேச வேண்டியதைக் காகிதமே பேசிவிடும்.

ஆனால் காகிதம் தானாக நடந்து போகாதே! வாட்ஸ்அப்பில் அனுப்பலாமே என்பீர்கள். இருவரும் ஒருவரையொருவர் எல்லா இடத்திலும் பிளாக் செய்து வைத்திருக்கிறார்கள். எனவே தபால்பெட்டி வேலை எனக்கு. காலையில் அவர் ஒரு கவரைக் கொடுத்துவிட்டு, அவளுடைய கவரை வாங்கிப் போவார். மாலையில் இவள் வந்து அவருடையதை எடுத்துக்கொள்வாள். மூன்று வருடமாக ஒரு பிசகும் இல்லை.

இந்த வருடம் சுதந்திர தினத்தோடு சேர்ந்து நீண்ட விடுமுறை. பெருமாள்மலையிலிருந்து மேலே வரை ஒரே கார் வரிசை. காலையில் வர வேண்டியவர் மாலை நான்கு மணிக்கு வந்து சேர்ந்தார். உள்ளே ஜெயந்தி உட்கார்ந்திருக்கிறாள்... சோபாவின் இந்த முனையில் அவள், அந்த முனையில் அவர். நடுவில் நான் டீ டம்ளர்களோடு நின்று மழையைப் பற்றிப் பேசினேன். அன்று மழையே இல்லை.

அவர் நீட்டிய கவர் புடைத்துக்கொண்டிருந்தது. எப்போதும் உள்ளே ஒரே ஒரு தாள்தான் இருக்கும். என்ன இது என்று கேட்டேன்.

"ஒட்டன்சத்திரத்துல கம்ப்யூட்டர் சென்டர்ல புதுப் பொண்ணுக்கா. ஒரு தாள் எடும்மான்னா மொத்தத்தையும் எடுத்துருச்சு. முப்பத்திரெண்டு பக்கம். காசு குடுத்ததை அங்கயே போட்டுட்டு வர மனசு வரல."

சரவணனைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் கணக்கு எழுதுகிற மனிதர். நூறு ரூபாய் கொடுத்து அச்செடுத்ததை வீணாக்குவாரா? அப்படியே முழுசாகக் கவருக்குள் திணித்துவிட்டார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஜெயந்தி புரட்டினாள். கடைக்கு அவளே ஜிஎஸ்டி கணக்குப் போடுகிறவள். கட்டமும் எண்ணும் அவளுக்குப் பழக்கம். நடுவில் ஒரு பக்கத்தில் விரல் நின்றது. விவசாய வருமானம் — ஒன்பது லட்சத்துச் சொச்சம்.

இங்கே ஒரு சின்ன விளக்கம். விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது. அதனால் மேலே இருக்கும் ஒற்றைத் தாளில் அது வராது. உள்பக்கத்தில் எங்கோ சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். மேல் தாளில் ஜீப் வருமானம் மட்டும்: இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். மூன்று வருடமாக ஜெயந்தி பார்த்தது அந்தத் தாளை மட்டும்தான்.

"இது என்ன, அபி அப்பா?" என்றாள். புருஷன் பெண்டாட்டி உறவைக் கோர்ட் ரத்து செய்துவிட்டது; இந்த அழைப்பை ரத்து செய்ய யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

"அது காபி, மெளகு காசு. அதுக்குத்தான் வரியே கெடையாதே. வரி இல்லாத காசு எப்பிடி வருமானத்துல வரும்?"

அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். பாதி அப்பாவித்தனம், பாதி சௌகரியம். கீழ்மலையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஜீப், கடை, வாடகை இவைதான் அவர்களுக்கு வருமானம். மிளகு விற்று வருவது 'தோட்டத்துக் காசு'. அது தனிப் பிறவி!

அவரும் சும்மா விடவில்லை. "நீ மட்டும் ஆறரை லட்சம்னு போட்டிருக்க. கடை நல்லா ஓடுது, இவளுக்கு நம்ம காசு எதுக்குன்னு நெனச்சேன்" என்றார்.

ஜெயந்தி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

விஷயம் இதுதான். கடைக்குப் பெரிய ஃப்ரிட்ஜ் வாங்க லோன் போட்டாள். நிஜ வருமானம் மூன்றரை லட்சம். "கொஞ்சம் கூட்டிக் காட்டு, அந்த அளவுக்கு வரியும் வராது, லோன் வெரசா கிடைக்கும்" என்று ஒரு மேதாவி யோசனை சொன்னாள். அந்த மேதாவி வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்களுக்கும் யோசனை சொல்லிக்கொண்டிருக்கிறாள்... என்னை மன்னியுங்கள். கூட்டிக் காட்டிய கணக்கும் குறைத்துக் காட்டிய கணக்கும் சேர்ந்து, அபியின் ஃபீஸில் முக்கால் பங்கை ஜெயந்தி தலையில் கட்டிவிட்டன.

நம் ஊரில் வருமானம் என்பது ஒரு தொகையா என்ன? பெண் பார்க்கப் போகும்போது ஒன்று, பேங்க் மேனேஜரிடம் ஒன்று, நன்கொடை ரசீதோடு வருகிறவர்களிடம் ஒன்று. கல்யாணத் தரகரிடம் ஏறிய சம்பளம் கோர்ட் வாசலில் மளமளவென்று இறங்கிவிடும்.

சரி, இப்போது பெரிய சண்டை வெடிக்கப்போகிறது என்று நினைத்து டம்ளர்களை எடுத்து ஓரமாக வைத்தேன். ஜெயந்தி குரலை உயர்த்தவே இல்லை.

"திங்கக்கெழம ஸ்கூல்ல டி.சி. கேட்டு எழுதிக் குடுக்கலாம்னு இருக்கேன். இனிமே என்னால முடியல."

எனக்கே அது புதுச் செய்தி. எல்கேஜியிலிருந்து அபிக்கு அந்த ஒரே பள்ளிதான். அங்கே ஹாக்கி டீமில் கோல்கீப்பர். அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒரு வாரமாகத் தூங்கவில்லையாம் ஜெயந்தி. ஃப்ரிட்ஜ் லோன் ஒரு பக்கம், ஃபீஸ் ஒரு பக்கம்.

சரவணன் திடுக்கிட்டுப் போனார். தன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றார்.

"ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம் சம்பாதிக்கிறவர்ட்ட என்னத்தக் கேக்க? எனக்குப் பாவமா இருந்துச்சு. அபிகிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். அப்பா செரமப்படுறாரு, கூடப் போற எடத்துல எதையும் கேக்காதேன்னு."

ரோட்டில் ஒரு டூரிஸ்ட் வேன் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"ரெண்டு வருசமா அது எங்கிட்ட ஒரு ஐஸ்கிரீம்கூடக் கேக்கலக்கா" என்றார் சரவணன், என்னைப் பார்த்து. "கடைக்குள்ள கூட்டிட்டுப் போனாலும் பசிக்கல, வேணாம்ப்பாங்குது. இவதான் எதையோ சொல்லி எம்புள்ளைய எங்கிட்ட இருந்து பிரிச்சுட்டானு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

சொல்லி முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. அவள் மகளிடம் சொன்னது என்னவோ நிஜம்தான். ஆனால் அவர்மேல் இருந்த கோபத்தில் சொல்லவில்லை, இரக்கத்தில் சொன்னாள். அந்த இரக்கத்தை அவர்தான் வருடாவருடம் கவரில் ஒட்டி என்னிடம் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்.

மேற்கொண்டு பெரிதாக எதுவும் நடக்கவில்லை. திங்கட்கிழமை வெள்ளனே நானே ஸ்கூலுக்கு வருகிறேன், ஃபீஸை நான் பார்த்துக்கொள்கிறேன், டி.சி. பேச்சே வேண்டாம் என்றார். நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு வாருங்கள் என்றாள் அவள். அடுத்த வருடத்திலிருந்து இரண்டு பக்கமும் முழுப் படிவம், உள்ளது உள்ளபடி. என் யோசனைகளுக்கு ஜெயந்தி வீட்டில் நிரந்தரத் தடை.

அன்று ஊர் திரும்பாமல் சரவணன் கொடைக்கானலிலேயே தங்கிவிட்டார். மறுநாள் அவருடைய ஞாயிறு. சாயங்காலம் எனக்குப் போன் வந்தது. அபி ஹாக்கி ஷூ கேட்டதாம். பிறகு ஒரு பை. பிறகு இரண்டு பிளேட் மோமோ, அதற்கு மேல் ஐஸ்கிரீம். ஒவ்வொன்றுக்கும் விலை சொல்லி, அநியாயம்க்கா, அநியாயம்க்கா என்றார். அவ்வளவு சந்தோஷமாக ஒரு கஞ்சன் புலம்பி நான் கேட்டதில்லை.

வருமானத்தைக் குறைத்துக் காட்டினால் பிள்ளைகள் கேட்பதை நிறுத்திவிடுவார்கள் — வரி ஆபீஸ்தான் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும்.