தந்திரக் காட்சிப் பரிசு யாருக்கு?

சினிமா மிஷின் ஓட்டுறவனுக்குக் கார்பன் குச்சி எரியுற வெளிச்சத்துல கண்ணு கெடும், புகையில நெஞ்சு கெடும். எனக்கு அது ரெண்டும் பத்தாதுன்னு, பரிசு எந்தப் படத்துக்குக் கிடைக்கும்னு முன்கூட்டியே சொல்லிச் சொல்லிப் பொழப்பே கெடப் பார்த்துச்சு.

அறுபதுகள்லயும் எழுபதுகள்லயும் நான் ஒரு டூரிங் கொட்டகையில ஆப்பரேட்டர். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவுல ஊர் ஊராக் கொட்டகை போடுவோம், பர்மிட் முடிஞ்சா பிரிச்சுக் கட்டிக்கிட்டு அடுத்த ஊருக்குப் போவோம். மெட்ராஸ்ல ஒரு சினிமாப் பத்திரிகை சித்திரை பொறந்ததும் பரிசு அறிவிக்கும். நல்ல நடிகர், நல்ல பாட்டு, எல்லாத்துக்கும் உண்டு. அதெல்லாம் எங்க மொதலாளிக்கு வேண்டாம். ஒரு நடிகருக்குப் பரிசுன்னு போஸ்டர் ஒட்டினா, இன்னொரு நடிகரோட ஆளுங்க வந்து கொட்டகையைப் பிரிச்சிருவாங்க. தந்திரக் காட்சிக்குன்னு ஒரு பரிசு இருந்துச்சு பாருங்க, தேர் பறக்கிறது, தலை தனியாப் பேசுறது, மனுசன் மாயமாப் போறது, அதுக்கு. அதைப் போட்டா யாருக்கும் கோவம் வராது, எல்லாரும் வருவாங்க.

சிக்கல் என்னன்னா, பரிசு அறிவிச்ச மறுநாளே அந்தப் படப்பெட்டியை டவுனு தியேட்டர்க்காரங்க தூக்கிருவாங்க. நமக்கு வரணும்னா பங்குனியிலயே மதுரைக்குப் போயி புக் பண்ணிரணும். அதாவது பரிசு யாருக்குன்னு பங்குனியிலயே தெரிஞ்சிருக்கணும். "நீதானய்யா படத்தை ஒவ்வொரு துண்டாப் பார்க்கிறவன், உனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்?"னு மொதலாளி என் தலையில கட்டிட்டாரு. மொதலாளிக்கு நாளைக்கு என்ன நடக்கும்னு சொல்ல வேண்டிய உத்தியோகத்துல இருக்கிறவங்க யாராவது இதைப் படிச்சா, என் வயித்தெரிச்சல் அவங்களுக்குப் புரியும்.

நடுவுல ஒரு கோடு

ஒரே நடிகர் ரெண்டு வேசத்துல வந்த படம் அது. அண்ணனும் தம்பியும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து சோறு திங்கிறாங்க. நான் சொக்கிப் போயிட்டேன். பரிசு இதுக்குத்தான்னு மனசுக்குள்ள முடிவே பண்ணிட்டேன். அப்பத்தான் பெஞ்சு டிக்கெட்ல இருந்து குருசாமி எந்திரிச்சான். அருப்புக்கோட்டையில தறி போடுறவன், துணியில ஒரு இழை விட்டிருந்தாலும் கண்டுபிடிப்பேன்னு பெருமை பேசித் திரியுறவன். "ஏலே, நடுவுல கோடு தெரியுதுடா! ரெண்டு படத்தை ஒட்டியிருக்கான்!"னு ஒரே கத்து. அவ்வளவுதான். அதுக்கப்புறம் கொட்டகையில ஒரு ஆளாவது கதை பார்க்கணுமே! அண்ணன் செத்தப்பக்கூட அழாம எல்லாரும் கோட்டையே பார்த்துக்கிட்டிருந்தாங்க.

நானும் பார்த்தேன். கோடு இருந்துச்சு. ஒட்டுவேலை தெரியுற படத்துக்கு எவன் பரிசு கொடுப்பான்னு மொதலாளிகிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன். சித்திரையில பரிசு அதுக்கே கிடைச்சுது. மொதலாளி என்னை வஞ்ச வசவை இங்க எழுத முடியாது. அடுத்து ஒரு சாமி படம் போட்டோம், அதுலயும் கோடு. சண்டைப் படம், அதுலயும் கோடு. அப்புறம்தான் திரைக்குப் பக்கத்துல போயி நின்னு பார்த்தேன். ஆடிக் காத்துல கிழிஞ்ச திரையை மொதலாளி உள்ளூர் டெய்லர்கிட்ட கொடுத்து, கோணிச் சாக்கு தைக்கிற நூல்ல நட்டநடுவுல தச்சு வச்சிருக்காரு! குருசாமியைக் கூட்டிட்டு வந்து காட்டினேன். அவன் கொஞ்சங்கூட அசரலை.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல, எங்கேயோ ஒரு தையலு இருக்குன்னு!"

ஆத்தா சொன்ன குறி

அம்மன் படம் போட்டா பொம்பளைக பக்கம் யாருக்காவது அருள் வந்திரும். அது எல்லாக் கொட்டகையிலயும் உள்ளதுதான். சூலம் தானாப் பறந்து போயி அசுரனைக் குத்துற காட்சியில, நாச்சியாருன்னு ஒரு அம்மா தலையை விரிச்சுப் போட்டு ஆட ஆரம்பிச்சாங்க. நான் மிஷினை நிறுத்திட்டு வேப்பிலைக்கு ஆள் அனுப்பினேன். வேற ஆளா இருந்தா கும்பிட்டு ஒதுங்கியிருப்பாங்க. எங்க மொதலாளி நேரா முன்னால போயி, சட்டையைக் கழட்டி இடுப்புல கட்டிக்கிட்டு, "ஆத்தா, இந்த வருசம் தந்திரக் காட்சிக்கு இந்தப் படத்துக்குத்தான் பரிசா? பெட்டியைப் புக் பண்ணவா வேண்டாமா, வாக்குக் கொடு தாயி"ன்னு கேட்டாரு.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அப்ப நான் எதுக்கு இருக்கேன்? மிஷின் ரூம் ஓட்டை வழியா நானும் காதைத் தீட்டிக்கிட்டுத்தான் நின்னேன், அது வேற விசயம். ஆத்தா கண்ணை உருட்டி மொதலாளியை மேலேயும் கீழேயும் பார்த்தா.

"பரிசு கெடக்கட்டும்டா! பொம்பளைக பக்கம் மணலு பூராம் கருவேல முள்ளாக் கெடக்கு, மொதல்ல அதை அள்ளிப் போடுறா!"

கண்டக்டர் கவலை

பஸ்ஸு மலையில இருந்து உருண்டு தீப்பிடிக்கிற காட்சி. பொம்மை பஸ்ஸுதான், ஆனா அச்சு அசலா இருந்துச்சு. இதுக்குப் பரிசு உண்டான்னு நாலு பேரைக் கேட்கலாம்னு திருச்சுழி பஸ்ஸு கண்டக்டரைக் கேட்டேன். பஸ்ஸைப் பத்தி அவரைவிட யாருக்குத் தெரியும்? ரொம்ப நேரம் யோசிச்சாரு. பின்னால ஏறின ஆளுக்கு டிக்கெட் கொடுக்கக்கூட மறந்துட்டாரு.

"அதெல்லாம் சரி அண்ணாச்சி, அந்தக் கண்டக்டர் என்ன ஆனாரு? கடைசி வரைக்கும் காட்டலையே!"

எருமை நனையலை

எங்க பக்கத்து ஆளுங்க எந்த மாயத்தையும் நம்புவாங்க, சினிமா மழையை மட்டும் நம்ப மாட்டாங்க. வானத்தைப் பார்த்தே விதைக்கிற ஊரு பாருங்க. அரக்கன் வாயில இருந்து தீ வரும், சும்மா இருப்பாங்க. கதாநாயகி மேல நாலு தூத்தல் விழட்டும், உடனே ஆரம்பிச்சிருவாங்க. "நெழலு விழுகுதே, வெயில்ல தண்ணி அடிக்கிறான்டா." "காத்து தெக்க இருந்து வருது, சாரல் வடக்க இருந்து வருது, இது எந்த ஊரு மழை?" இதுக்கெல்லாம் தலைவர் ராமையா. மழையை நம்பியே மானாவாரி வெள்ளாமை பார்க்குற சம்சாரி. தரை டிக்கெட்ல முன்னால சம்மணம் போட்டு உக்காந்து, படத்துக்குப் படம் மழையைப் பெயிலாக்குறதுதான் அவரு வேலை.

ஒரு ராஜா ராணிப் படத்துல குதிரை கடலுக்கு மேல பறந்துச்சு. அப்படியொரு வேலைப்பாட்டை நான் பார்த்ததே இல்லை. படம் முடிஞ்சு வந்தவரை நிறுத்தி, "பெரியவரே, குதிரை பறந்துச்சே, எப்படி?"ன்னு ஆசையாக் கேட்டேன். அந்தப் படத்துல ஒரு மழையும் வந்துச்சுங்கிறதை நான் மறந்து தொலைச்சிட்டேன்.

"குதிரை பறக்குமோ என்னமோ, நான் வளத்தனா கண்டனா? நம்மகிட்ட இருக்கிறது எருமைதான். அம்புட்டு மழையில அந்த எருமை முதுகு காஞ்சு கெடக்கே, அதைக் கேளுங்க!"

வத்தல் பட்ட பாடு

இப்படியே வருசா வருசம் நான் ஒண்ணு சொல்ல, பரிசு வேற ஒண்ணுக்குப் போக, மொதலாளிக்குப் பொறுமை போச்சு. அவரு மச்சினன் சங்கரலிங்கம் அந்த வருசம்தான் ஆப்பரேட்டர் லைசென்சு எடுத்துட்டு வந்திருந்தான். "இந்தத் தடவையும் தப்பாச் சொன்ன, மிஷின் ரூம் சாவியை மச்சினன்கிட்ட கொடுத்துட்டு நீ வாசல்ல நின்னு டிக்கெட் கிழி"ன்னு மொதலாளி சொல்லிட்டாரு. எனக்கு வேற தொழில் தெரியாது. அந்த மிஷின் சத்தம் கேட்காட்டித் தூக்கம்கூட வராது. சங்கரலிங்கம் தினமும் வந்து மிஷினைத் தடவிப் பார்த்துட்டுப் போவான், எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

அப்ப பங்குனி மாசம், கொட்டகை திருச்சுழிப் பக்கம் ஒரு ஊர்ல. சுத்துவட்டாரத்துல பொட்டு மழை கிடையாது. கிணத்துல ஊறின தண்ணியை எறைச்சுக் கொஞ்ச நஞ்சம் மிளகாய் எடுத்தவங்க களத்துல வத்தல் காயப் போட்டிருந்தாங்க. காரியாபட்டியில ஓடி முடிஞ்சு மதுரைக்குத் திரும்புற பெட்டி ஒண்ணை ஒரு ஆட்டத்துக்கு மட்டும் கேட்டு வாங்கினோம். சாதாரணக் குடும்பப் படம். அன்னைக்குன்னு பார்த்து மொதலாளி ஒரு வண்டி உப்புத் தண்ணி கொண்டாந்து, புழுதி அடங்கட்டும்னு மணல்ல தெளிச்சிருந்தாரு. படத்துல காஞ்ச காட்டு மேல மேகம் கூடி, இடி இடிச்சு, மழை கொட்டுச்சு. கீழே மண்ணு வாசனை வேற. ராமையா என்ன சொல்லப் போறாரோன்னு நான் ஓட்டை வழியாப் பார்த்தேன். மனுசன் வாயே திறக்கலை. திடீர்னு ஒருத்தன் எந்திரிச்சு "ஏலே, வத்தலு!"ன்னு கத்திக்கிட்டு வெளியே ஓடினான். பின்னாலேயே பாதிக் கொட்டகை ஓடுச்சு. கொட்டகைக்கு வெளியே கட்டியிருந்த குழாய் ரேடியோவுல இடிச் சத்தம் கேட்டுப் படத்துக்கு வராத பொம்பளைகளும் களத்துல வத்தலை அள்ளிக்கிட்டிருந்தாங்களாம். வானத்துல பார்த்தா நட்சத்திரம் பளிச்சுன்னு இருக்கு! ஓடினவங்க ஒவ்வொருத்தராத் திரும்பி வந்தாங்க. வந்ததுல ஒரு அம்மா நேரா மிஷின் ரூமுக்கே வந்து, முந்தானையில அள்ளின வத்தலைக் காட்டிச் சண்டைக்கு நின்னுச்சு.

"மழையை விடுறதா இருந்தா முன்னாடியே தண்டோராப் போடக்கூடாதா? வத்தல்ல பாதி மண்ணுய்யா!"

இதுல என்ன தந்திரம்?

ஆட்டம் முடிஞ்சதும் அந்த ரீலைப் பிரிச்சு, லென்சு வச்சுப் பார்த்தேன். வெட்ட வெயில்ல எடுத்த காடு. மேகம் வேற எங்கேயோ எடுத்து ஒட்டினது. ஒரு பூவரச மரத்துக் கிளை நுனி மேகத்துக்குள்ள கரைஞ்சு காணாமப் போயிருந்துச்சு. மழையும் தனியா எடுத்துப் பூசினதுதான். ராமையாவையே ஏமாத்தினவன்னா அவன் லேசுப்பட்ட ஆளா? பரிசு இதுக்குத்தான்னு மொதலாளிகிட்ட போயி நின்னேன். அவரு மனசுல வேற படம் இருந்துச்சு. அதுல பாயி பறக்கும், மண்டை ஓடு பாட்டுப் பாடும். சங்கரலிங்கமும் அதுதான்னான். நான் விடலை. தப்பாப் போனா சாவியை நானே கொடுத்துடுறேன்னு சொல்லிட்டேன். மொதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தாரு.

"மழை பெய்யிறதுல என்னய்யா தந்திரம் இருக்கு? மழை பெய்யாம இருக்கிறதுலதான் தந்திரம் இருக்கு!"

பரிசு வந்த கதை

மொதலாளி முனகிக்கிட்டே மதுரைக்குப் போயி அந்த மழைப் படத்தையே புக் பண்ணினாரு. சித்திரையில பத்திரிகை வந்துச்சு. பரிசு அந்த மழைக்குத்தான்! நான் பத்திரிகையைத் தூக்கிக்கிட்டு அருப்புக்கோட்டையில இருந்து பஸ்ஸுல வந்தேன், உக்காரக்கூட முடியலை எனக்கு. மொதலாளி கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. "தந்திரக் காட்சிக்குப் பரிசு பெற்ற படம்"னு ஊர் ஊராச் சுவத்துல பெருசா எழுதி வச்சோம். அதே ஊர்ல போட்ட முதல் ஆட்டத்துக்குச் சுத்துப்பட்டு ஊர் ஆளுகளும் வந்து கொட்டகை கொள்ளலை. படம் ஓடுச்சு. மழை பேஞ்சுது. எல்லாரும் கண் கொட்டாமப் பார்த்தாங்க. படம் முடிஞ்சு லைட்டைப் போட்டேன், ஒருத்தரும் எந்திரிக்கலை. "தந்திரம் எங்கடா?"ன்னு ஒரு குரல். "தேரும் பறக்கலை, தலையும் பறக்கலை, ஆப்பரேட்டரு தந்திரத்தை வெட்டிட்டான்டா!"ன்னு இன்னொரு குரல். சீக்கிரம் வீட்டுக்குப் போறதுக்காக நாங்க ரீலை வெட்டுவோம்னு எப்பவுமே ஒரு சந்தேகம் அவங்களுக்கு. மணலை அள்ளித் திரை மேல எறிய ஆரம்பிச்சுட்டாங்க.

மழைதான்யா தந்திரம்னு நான் தொண்டை கிழியக் கத்தினேன். "மழை எப்படிடா தந்திரமாகும்? எங்களைப் பார்த்தா கேணப்பயலுக மாதிரி இருக்கா?"ன்னு இன்னும் கோவம்தான் ஏறுச்சு. பரிசைச் சரியாச் சொல்லியும் எனக்கு இந்தக் கதி! மொதலாளி முகம் செத்துப் போச்சு. "வெட்டுனியாடா?"ன்னு அவரே என்னைக் கேட்டாரு. சங்கரலிங்கம் பக்கத்துல வந்து சாவிக்குக் கையை நீட்டினான். மடியில இருந்து சாவியை எடுத்தும் எடுத்துட்டேன்.

அப்பத்தான் ராமையா முன்னால வந்தாரு. "அவுக ஒண்ணும் வெட்டலை. பங்குனியில பார்த்த படம் முழுசா அப்படியே இருக்கு. நாளைக்கும் இதையே போடுங்க, ஊரே வரும், மழை வாரப்ப மட்டும் நிறுத்தாம ஓட்டட்டும். சுவத்துல தந்திரம்னு எழுதியிருக்கீகல்ல, அதை மட்டும் அழிச்சிருங்க"ன்னாரு. மொதலாளி அழாத குறையா, "பரிசு வாங்கினதே அந்தத் தந்திரத்துக்குத்தானய்யா, அதை எப்படி அழிக்க?"ன்னு கேட்டாரு. ராமையா துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டாரு.

"இந்த வருசம் எங்க ஊர்ல பேஞ்ச மழை இது ஒண்ணுதான். அதையும் பொய்யினு எழுதி வைக்காதீக."

எத்தனையோ வருசம் சொல்லி நான் சரியாச் சொன்னது அந்த ஒரே பரிசைத்தான். மறுநாள் விடிஞ்சதும் மிஷின் ரூம் சாவியை மடியில சொருகிக்கிட்டு, சுண்ணாம்பு வாளியோட ஊர் ஊராப் போயி அதை அழிச்சதும் நானேதான்.